மசித்த சாப்பாட்டிலும் ருசி உண்டு: விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சமைக்கும் முறை

சோறு, சாம்பார், பொரியல், தயிர் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடித்து, மண் நிறத்தில் ஒரு கிண்ணம் கூழை நீட்டினால் எந்த மனிதருக்குச் சாப்பிடத் தோன்றும்? பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்ச் சிகிச்சை என்று பல காரணங்களால் விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்குப் பல வீடுகளில் இதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. இரண்டு கரண்டியோடு அவர்கள் போதும் என்கிறார்கள். "வயதாகிவிட்டது, பசி இல்லை" என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். எடை இறங்கிக்கொண்டே போகிறது.

பாளையங்கோட்டையில் என் அப்பாவுக்கு நான்தான் சமைக்கிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது பக்கம் தளர்ச்சி. நாக்கும் தொண்டையும் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஆனால் ருசி அறியும் மனம் அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தினமும் ஒரு பதில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துக் கொடுத்தால் உன் வேலை முடிந்துவிடுமே" என்று சித்தி பரிவோடுதான் சொல்வார். வேலை முடியும், சாப்பாடு உள்ளே போகாது. ருசியில்லாத மசித்த சாப்பாட்டை நோயாளி ஒதுக்குவார். ஒதுக்கினால் புரதம் குறையும். புரதம் குறைந்தால் விழுங்க உதவும் தசைகளே இன்னும் மெலியும். அதனால் ருசியும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

முதலில் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு மசிக்க வேண்டும் என்பதை வீட்டில் நாமாகத் தீர்மானிக்கக் கூடாது. விழுங்கும் திறனைச் சோதிப்பவர் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே படமாகவோ, மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தியோ, உணவு எந்த வழியில் போகிறது என்று பார்ப்பார்கள். இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவதும் உண்டு. எனவே "இருமவில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்ற கணக்கு செல்லாது.

உணவு எவ்வளவு மெதுவாக, பானம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று வகைப்படுத்த, உலகம் முழுவதும் இப்போது ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை, உணவுக்கு 3 முதல் 7 வரை. வீட்டில் அதிகம் தேவைப்படுபவை மூன்று. 4-ஆம் நிலை: கட்டியே இல்லாத மசியல், மெல்ல வேண்டியதில்லை. 5-ஆம் நிலை: ஈரமாகவும் பொடியாகவும் இருக்கும், பெரியவர்களுக்குத் துண்டு 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதாவது முள்கரண்டியின் இரு பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி அளவு. 6-ஆம் நிலை: ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத மெத்தென்ற துண்டுகள். அப்பா 4-இல் தொடங்கி இப்போது 5-இல் இருக்கிறார். பானங்கள் 2-ஆம் நிலையில், அதாவது சற்றே கெட்டியாக. உங்கள் வீட்டுக்கு எந்த எண் என்று சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். உதவிக்கு வருபவர்களும் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சோதிக்க ஒரு முள்கரண்டியும் ஒரு கரண்டியும் போதும். 4-ஆம் நிலை மசியலை முள்கரண்டியில் அள்ளினால் மேலே குவியலாக நிற்க வேண்டும். பற்களின் இடுக்கில் கொஞ்சம் இறங்கி வால்போல் தொங்கலாம், தொடர்ந்து சொட்டக் கூடாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒரே உருண்டையாகச் சரிந்து விழ வேண்டும், கரண்டியில் அப்பிக்கொள்ளக் கூடாது. அப்பிக்கொள்கிற உணவு தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். இந்தச் சோதனையைப் பரிமாறும் சூட்டில் செய்யுங்கள். அரிசியும் கேழ்வரகும் ஆற ஆற இறுகும். அடுப்பில் சரியாக இருந்த கஞ்சி தட்டுக்கு வரும்போது பசையாகிவிடும்.

நம் சமையலில் எங்கே ஆபத்து இருக்கிறது

"மெதுவான சாப்பாடு" என்று நாம் நம்பிக் கொடுக்கும் பல பண்டங்கள் இவர்களுக்குக் கடினமானவை. ரசம் சாதத்தில் தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக இருக்கின்றன. பருக்கையை வாயில் உருட்டிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும். நீராகாரமும் பருக்கை மிதக்கும் கஞ்சியும் இப்படித்தான். சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே வகை. புட்டு உதிர்கிறது, இடியாப்பம் இழையாக நிற்கிறது, பிரெட் வாயில் பந்தாகத் திரள்கிறது. ஜவ்வரிசி வழுக்கி உருளும். உளுந்தங்களி ஒட்டும். தர்ப்பூசணியைக் கடித்தால் சாறு பிரியும். ஐஸ்கிரீம் வாய்ச்சூட்டில் தண்ணீராகிவிடும் என்பதால், கெட்டியான பானம் மட்டும் அனுமதிக்கப்பட்டவர்களுக்கு அதுவும் ஆகாது.

கறிவேப்பிலை, கடுகு, முழு மிளகு, தக்காளித் தோல், தேங்காய்த் துருவல், அவரை நார், கீரைத்தண்டு ஆகியவை மிக்சிக்குத் தப்பிவிடும். ஆகவே மிக்சியை விட முக்கியமான கருவி, கண்கள் நெருக்கமான எவர்சில்வர் வலைச் சல்லடைதான். அடித்ததை அதில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். மேலே தங்கும் சக்கையைப் பார்த்தால், அதெல்லாம் ஒருவர் தொண்டைக்குப் போயிருக்கும் என்பது புரியும்.

தனித்தனியாக மசியுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்

என் சமையலறையில் இரண்டு விதிகள். ஒவ்வொரு பண்டமும் தனியாக மசிக்கப்பட வேண்டும். மசிக்க வெறும் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

தண்ணீர் ஊற்றினால் அளவு பெருகும், சத்து பெருகாது. இவர்களால் ஒரு வேளைக்குச் சாப்பிட முடிவது சிறு கிண்ணம்தான். அந்தக் கிண்ணத்தின் ஒவ்வொரு கரண்டியும் எதையாவது கொண்டுபோக வேண்டும். சோற்றைப் பாலிலோ கெட்டித் தயிரிலோ மசியுங்கள். காய்க்குத் தேங்காய்ப்பால் அல்லது வெந்த பாசிப்பருப்பு. மீனுக்கும் கறிக்கும் அதனதன் குழம்பையே வடிகட்டி ஊற்றுங்கள். ஒரு தேக்கரண்டி நெய் ஏறக்குறைய 45 கலோரி தரும். அதோடு மசியலை வழுவழுப்பாக்கி ஒட்டாமல் காக்கும்.

முதியவர்களுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பார்கள். 55 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு அது 55 முதல் 66 கிராம். சோற்றுக் கஞ்சியை மட்டும் நம்பினால் பாதிகூடத் தேறாது. என் கணக்கு இப்படி ஓடும்: நாள் முழுவதற்கும் அரை லிட்டர் பாலில் 16 கிராம், அதில் கரைக்கும் இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரில் 5 கிராம், இரண்டு முட்டையில் 12, முக்கால் கைப்பிடி மீனில் 15, ஒரு கைப்பிடிப் பருப்பில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 3 அல்லது 4. சோறும் காயும் தருவதையும் சேர்த்தால் கரை சேர்ந்துவிடலாம். மீன் முட்டை சாப்பிடாத வீடுகளில் பருப்பு, தயிர், பனீர், உளுந்தங்கஞ்சி ஆகியவற்றை ஏற்ற வேண்டும். பனீரைப் பாலோடு நைசாக அரைத்தால்தான் மணல்தன்மை போகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவே சரி. சர்க்கரை நோயாளிகளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே உடையில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது 55 கிலோ ஆள் கிட்டத்தட்ட 3 கிலோ இறங்கினால், காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி ஒரு சமையலைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். திருநெல்வேலிச் சொதி. கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைக்கவும். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் முருங்கைக்காயையும் தனித்தனியாக நன்றாக வேகவிடவும். முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்து, கரண்டி முனையால் உள்சதையை மட்டும் வழித்தெடுங்கள்; விதையும் ஓரத்து நாரும் வேண்டாம். அந்தச் சதையைச் சல்லடையில் தேய்த்தால் மூன்று காய்க்கு இரண்டு கரண்டி கிடைக்கும். கொஞ்சம்தான், ஆனால் சொதியின் மணமே அதில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கை மிக்சியில் போடாதீர்கள், கோந்தாகிவிடும். கையால் மசித்துச் சல்லடையில் தேய்க்கவும். கேரட்டையும் பருப்பையும் இரண்டாம் தேங்காய்ப்பால் சிறிது விட்டு அரைத்து வடிகட்டி, கிழங்கு, முருங்கைச் சதை சேர்த்துச் சூடாக்கவும். அடுப்பைக் குறைத்து முதல் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். இறக்கிய பிறகு இஞ்சிச்சாறு, பச்சை மிளகாயை நசுக்கிப் பிழிந்த ஒரு சொட்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு.

தாளிப்பை விட்டுவிடாதீர்கள். மசித்த சாப்பாட்டில் நம் வீட்டு மணம் காணாமல் போவதற்குக் காரணமே தாளிப்பு நின்றுபோவதுதான். நெய்யிலோ நல்லெண்ணெயிலோ கடுகு, சீரகம், கறிவேப்பிலை, வரமிளகாய், பெருங்காயம் எல்லாவற்றையும் வழக்கம்போல் பொரியவிட்டு, டீ வடிகட்டியில் அந்த எண்ணெயை மட்டும் வடித்து மசியலில் கலந்துவிடுங்கள். கடுகும் இலையும் வடிகட்டியில் தங்கிவிடும், மணம் தட்டுக்குப் போய்விடும். நான் இதை அப்பா உட்கார்ந்திருக்கும்போதுதான் செய்வேன். கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். வாயில் உமிழ்நீர் ஊறும், அது விழுங்கவும் உதவும்.

கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்தால் புகைமணத்தோடு அருமையாக இருக்கும். பூசணி, சுரை, சௌசௌ எல்லாம் தானாகவே குழையும். கீரையில் தண்டை முழுவதும் நீக்கிவிட்டுப் பாசிப்பருப்போடு அரையுங்கள். வஞ்சிரம் போன்ற மீனை ஆவியில் வேகவைத்து, விரலால் இரண்டு முறை தடவி முள் பார்த்த பிறகே அரைக்க வேண்டும். அரைத்த பின்னும் சல்லடை. முள் நிறைந்த சிறு மீன்களைத் தொடவே வேண்டாம், அவற்றின் குழம்பை வடிகட்டிக் கொடுங்கள். இட்லியைக் கெட்டிச் சாம்பாரில் ஊறவைத்து மசித்தால் 5-ஆம் நிலைக்கு வரும். ஓரத்தில் சாம்பார் தனியாகத் தேங்கி நிற்கக் கூடாது.

இனிப்பும் வேண்டும். அப்பாவுக்கு அல்வா என்றால் உயிர். ஆனால் அல்வா இழுபடும், ஒட்டும், தொண்டையை அடைக்கும். துளியும் தர முடியாது. அதற்குப் பதில் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, பசும்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறி, இழுபடும் பதத்துக்குப் போகும் முன்பே, கூழாக இருக்கும்போதே நெய் விட்டு இறக்கிவிடுகிறேன். சாய்த்தால் கரண்டியிலிருந்து சுத்தமாக விழுகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன். அதே நெய், அதே கோதுமை மணம். மாம்பழக் காலத்தில் நாரை வடிகட்டிய மாம்பழ விழுது, பண்டிகைக்குக் கெட்டியாக அரைத்த பாசிப்பருப்புப் பாயசம். பொங்கலன்று இவர்களுக்கு மட்டும் வெறும் கஞ்சி என்பது மனத்தைப் புண்படுத்தும் காரியம்.

காபியும் தண்ணீரும்

தண்ணீர் வேகமாக ஓடும், அதனால்தான் பலருக்குப் புரையேறுகிறது. கெட்டிப்படுத்தும் பொடிகளில் இரண்டு வகை. மாவுச்சத்து வகை, உமிழ்நீர் பட்டதும் நீர்த்துவிடும். எச்சில் கரண்டி மீண்டும் கிண்ணத்துக்குள் போனால் கிண்ணமே இளகும். சாந்தன் கம் என்ற பிசின் வகை அப்படி இளகாது, நிறமும் மாறாது. அப்பாவுக்கு இரண்டாவதைத்தான் வாங்குகிறேன். வீட்டில் மாவுக்கஞ்சி கொடுத்தாலும் ஒரே நேரத்தில் முழுதையும் ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள்.

காபியில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரில் போட்ட பொடி சில நிமிடங்களில் பிடித்துவிடும், பாலில் தாமதமாகும். காபி இன்னும் நீர்த்திருக்கிறதே என்று மேலும் பொடி போட்டால், பத்து நிமிடத்தில் களியாகிவிடும். டிகாஷன், பால், சர்க்கரை கலந்து, பொதியில் சொன்ன அளவு பொடியைத் தூவிக்கொண்டே முள்கரண்டியால் விடாமல் அடித்து, காத்திருந்து, மறுபடி கலக்கிப் பாருங்கள். நுரை அடங்கிய பிறகு சோதியுங்கள்.

சோதனைக்கு ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளமுள்ளதாக இருக்க வேண்டும். முனையை விரலால் மூடி, 10 மில்லி வரை நிரப்பி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மூடுங்கள். உள்ளே 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மூன்றாம் நிலை. துளியும் இறங்காவிட்டால் நான்காம் நிலை.

கெட்டியான தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு, வடிகட்டிய ரசம் என்று மாற்றி மாற்றி அதே நிலைக்குக் கெட்டியாக்கிக் கொடுத்தால் நீர் உள்ளே போகும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஊட்டும்போது

கட்டிலில் சாய்ந்தபடி வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து, கால் தரையில் பதிந்திருக்க வேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு மேலிருந்து நீட்டினால் சாப்பிடுபவர் தலையை அண்ணாந்துவிடுவார், அது மூச்சுக்குழாயைத் திறந்துவிடும் நிலை. எதிரே உட்கார்ந்து, கண் மட்டத்தில், கீழிருந்து சிறு தேக்கரண்டியில் கொடுங்கள். தொண்டைக்குமிழ் ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கரண்டி. குரல் ஈரமாக, கரகரவென்று கேட்டால் நிறுத்தி, இருமச் சொல்லுங்கள். தளர்ந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு ஒதுங்கிக்கொள்ளும். வலிக்காது, தெரியவும் தெரியாது. முடிந்ததும் வாயைத் திறந்து பார்த்துத் துடையுங்கள். பல்செட்டையும் கழற்றிக் கழுவுங்கள். வாய் சுத்தமாக இருந்தால் நுரையீரல் தொற்றுக்கான வாய்ப்பு குறையும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். காய்ச்சல், சளி, மூச்சு வாங்கல், சாப்பிடும்போது கண்ணில் நீர் வழிதல் இவை வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நுணுக்கித் தரலாமா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிடுங்கள். சில மாத்திரைகளை நுணுக்கவே கூடாது.

முடிந்தவரை அவர் கையாலேயே சாப்பிடட்டும். கைப்பிடி தடித்த கரண்டி இடது கைக்கு வசதி. பள்ளம் பிரித்த எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு ஒரு பக்கம், பச்சைக் கீரை ஒரு பக்கம், மஞ்சள் சொதி ஒரு பக்கம். சோற்று மசியலைச் சிறு கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்தால் குன்றுபோல் நிற்கும். எது எது என்று பெயர் சொல்லிப் பரிமாறுங்கள். எதை முதலில் எடுப்பது என்பது அவர் முடிவு. குடும்பம் சாப்பிடும் நேரத்தில், அதே மேசையில், டிவியை அணைத்துவிட்டு. அரை மணிக்கு மேல் போனால் களைத்துவிடுவார். மிச்சத்தை இரண்டு மணி நேரம் கழித்துச் சிறு வேளையாகக் கொடுக்கலாம். நாளுக்கு ஐந்தாறு சிறு வேளைகள் நல்லது.

தினமும் இவ்வளவும் தனியாகச் செய்வது கடினம்தான். வீட்டுக்காகச் சமைப்பதிலிருந்தே, காரம் சேர்க்கும் முன் ஒரு பங்கு எடுத்துவைத்து மசியுங்கள். மீதியைச் சூடு ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், கேரட் மசியல் நாலு கட்டி, மீன் இரண்டு கட்டி என்று வேண்டும்போது எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சோதித்துக் கொடுக்கலாம். மசித்தது வெளியில் கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.

கல்யாண வீடுகளுக்கு அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பக்கத்தில் மறுவீட்டு விருந்தில் சொதி நிச்சயம். முந்தின நாளே சமையல்காரரிடம் சொல்லிவைத்தால், தாளிப்பதற்கு முன் ஒரு பாத்திரம் எடுத்துத் தந்துவிடுவார். சல்லடை, சின்ன மிக்சி ஜார், முள்கரண்டி, கெட்டிப்படுத்தும் பொடி நான்கும் என் பையில் எப்போதும் இருக்கும். மண்டபத்துச் சமையலறையில் ஒரு மிக்சி கேட்டு வாங்கிக்கொள்வேன். பந்தியில் அப்பாவுக்கும் இலை போடச் சொல்லி, இலையிலேயே மூன்று குவியலாக வைத்துவிடுவேன்.